ஆபத்தான திரவங்களைக் கொண்ட பொதிகளின் குறியிடல்

ஆபத்தான திரவங்களைக் கொண்ட பொதிகளின் குறியிடல் என்பது, தீப்பற்றக்கூடிய, அரிக்கும் தன்மையுள்ள, நச்சுத்தன்மையுள்ள அல்லது சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிக்கும் திரவங்களைச் சாலை, இரயில், கப்பல், விமானம் ஆகியவற்றின் வழியே அனுப்பும்போது பொதியின் வெளிப்புறத்தில் இடவேண்டிய எண்கள், பெயர்கள், அம்புகள், லேபிள்கள் ஆகியவற்றை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பாகும். பெட்ரோல், அமிலங்கள், சாயப்பூச்சு, ஆய்வகக் கரைப்பான்கள், பூச்சிக்கொல்லிகள், கிருமிநாசினிகள் முதலியவை இவ்விதிகளின் கீழ் வருகின்றன. பொதியைத் திறந்து பார்க்க இயலாத சுமைதூக்குபவர், ஓட்டுநர், கிடங்குப் பணியாளர், தீயணைப்பு வீரர் ஆகியோர் மூன்று செய்திகளை அறிந்துகொள்வதே இக்குறிகளின் நோக்கம்: உள்ளே இருப்பது என்ன, அதை எப்படி நிறுத்தி வைக்கவேண்டும், அதைத் தாங்கும் வலிமை அந்தக் கலனுக்கு உண்டா என்பவையே அவை.

தேவை

திண்மப் பொருள் ஒன்றின் பெட்டி கிழிந்தால் பொருள் பெரும்பாலும் கிழிந்த இடத்தின் அருகிலேயே கிடக்கும். திரவம் அவ்வாறு நிற்பதில்லை. மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் கசிந்து, கீழே அடுக்கப்பட்ட பெட்டிகளுக்குள் இறங்கி, அங்குள்ள வேறு பொருளுடன் வினைபுரியக்கூடும். வெப்பத்தில் விரிவடைந்து கலனை உட்புறமிருந்து அழுத்தும். எனவே 55 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் திரவம் கலனை முழுவதும் நிரப்பிவிடாதபடி மேலே வெற்றிடம் விட்டே நிரப்பவேண்டும் என்று பன்னாட்டு விதிகள் கூறுகின்றன. நிமிர்ந்து நிற்கும் கலனில் இவ்வெற்றிடம் மூடியின் அடியில் இருக்கும். கலனைப் படுக்க வைத்தால் திரவமே மூடியைத் தொட்டு நிற்கும். பொதியின் மீது அச்சிடப்படும் அம்புக்குறி அலங்காரமாக இல்லாமல் பாதுகாப்பு ஏற்பாடாக இருப்பது இதனாலேயே.

1973 நவம்பர் 3 அன்று நிகழ்ந்த விமான விபத்து இதற்கு அறியப்பட்ட சான்றாகும். நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் நகருக்குப் புறப்பட்ட பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானத்தில் நைட்ரிக் அமிலம் அடங்கிய பொதிகள் இருந்தன. வழியில் விமானத்தில் புகை எழுந்தது. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் தரையிறங்க முயன்றபோது விமானம் நொறுங்கி, அதிலிருந்த மூன்று விமானப் பணியாளர்களும் உயிரிழந்தனர். புகையின் மூலத்தை ஐயமின்றி நிறுவ முடியவில்லை. எனினும், முறையாகப் பொதியப்படாமலும் முறையாக அடுக்கப்படாமலும் இருந்த நைட்ரிக் அமிலம் கசிந்து, அதைச் சுற்றி நிரப்பியிருந்த மரத்தூளுடன் வினைபுரிந்ததே தொடக்கமாக இருந்திருக்கவேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கருதியது. நைட்ரிக் அமிலம் வலிமையான ஆக்சிஜனேற்றி. மரத்தூள் போன்ற கரிமப் பொருளுடன் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கச் செய்யும். நடைமுறையிலிருந்த விதிகள் பரவலாகப் பின்பற்றப்படாததையும், அவை சிக்கலாக இருந்ததையும், அவற்றைப் பணியிடத்தில் இருந்தோர் நன்கு அறியாததையும் வாரியம் துணைக் காரணங்களாகச் சுட்டியது. 1975 சனவரியில் அமெரிக்காவில் ஆபத்தான பொருட்கள் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

விதித் தொகுப்புகள்

ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 1956-இல் முதன்முதலாக வெளியிட்ட ஆபத்தான சரக்குப் போக்குவரத்துப் பரிந்துரைகளே உலகெங்கும் இவ்விதிகளுக்கு அடிப்படை. அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என அழைக்கப்படும் இந்நூல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. பரிந்துரைகள் நேரடியாகச் சட்டமாவதில்லை. ஒவ்வொரு போக்குவரத்து முறைக்கும் உரிய விதித் தொகுப்புகள் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன.

- கடல்வழிக்கு: பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஐஎம்டிஜி விதித்தொகுப்பு. 2004 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது.
- வான்வழிக்கு: பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் தொழில்நுட்ப அறிவுறுத்தல்கள். விமான நிறுவனங்கள் இவற்றைத் தழுவிய ஐயாட்டா கையேட்டைப் பயன்படுத்துகின்றன.
- ஐரோப்பியச் சாலைகளுக்கு: 1957-இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஏடிஆர் உடன்படிக்கை.

அடிப்படை ஒன்றாக இருப்பதால், ஒரு நாட்டில் இட்ட குறியை வேறொரு நாட்டின் துறைமுகப் பணியாளர் மொழி தெரியாமலேயே புரிந்துகொள்ள முடிகிறது.

ஐ.நா. எண்ணும் அனுப்புப் பெயரும்

ஒவ்வோர் ஆபத்தான பொருளுக்கும் அல்லது பொருள் வகைக்கும் நான்கு இலக்க எண் ஒன்று வழங்கப்பட்டுள்ளது. இது ஐ.நா. எண் எனப்படும். பரவலாக அனுப்பப்படும் சில திரவங்களின் எண்கள்:

- பெட்ரோல் – 1203
- டீசல் – 1202
- மண்ணெண்ணெய் – 1223
- எத்தனால் – 1170
- மெத்தனால் – 1230
- அசிட்டோன் – 1090
- சாயப்பூச்சு – 1263
- ஹைட்ரோகுளோரிக் அமிலம் – 1789
- கந்தக அமிலம், 51 விழுக்காட்டுக்கு மேல் – 1830
- சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் – 1824

எண்ணுக்கு முன்னால் ‘யூஎன்’ என்னும் எழுத்துகள் இடம்பெறவேண்டும். 30 லிட்டருக்கு மேற்பட்ட பொதிகளில் இவற்றின் உயரம் குறைந்தது 12 மி.மீ. இருக்கவேண்டும். 30 லிட்டர் வரையிலான பொதிகளில் 6 மி.மீ. போதும். 5 லிட்டர் வரையிலான சிறு பொதிகளில் பொருத்தமான அளவில் இருந்தால் போதுமானது.

கடல்வழியிலும் வான்வழியிலும் எண்ணுடன் விதித்தொகுப்பில் உள்ள முறையான அனுப்புப் பெயரும் எழுதப்படவேண்டும். வணிகப் பெயர் இதற்கு மாற்றாகாது. ஒரு நிறுவனம் தன் கரைப்பானுக்கு எந்தப் பெயர் சூட்டியிருந்தாலும், பட்டியலில் உள்ள பெயரே பொதியில் இருக்கவேண்டும். தனிப் பெயர் இல்லாத கலவைகளுக்கு ‘வேறிடத்தில் குறிப்பிடப்படாத தீப்பற்றும் திரவம்’ (1993) என்பது போன்ற பொதுப்பெயர்கள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு அடைப்புக்குறிக்குள் வேதிப்பெயரையும் சேர்க்கவேண்டும். ஐரோப்பியச் சாலை விதிகளில் பெரும்பாலான திரவப் பொதிகளுக்கு ஐ.நா. எண் மட்டுமே போதுமானது.

குறிகள் எளிதில் தெரியவும் படிக்கவும் கூடியவையாகவும், பின்னணியிலிருந்து வேறுபட்ட நிறத்திலும், மழை வெயிலைத் தாங்குவனவாகவும் இருக்கவேண்டும். விளம்பரங்களும் பிற அச்சுகளும் அவற்றை மறைக்கக்கூடாது. கடல்வழிப் பொதிகளில், குறைந்தது மூன்று மாதம் கடல்நீரில் மூழ்கிக் கிடந்த பின்னும் குறிகளை அடையாளம் காண முடியவேண்டும். கப்பலிலிருந்து விழுந்து கரையொதுங்கும் பீப்பாயை அணுகுபவருக்கு அக்குறியைத் தவிர வேறு எச்சரிக்கை இராது. 450 லிட்டருக்கு மேற்பட்ட பெருங்கலன்களில் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் குறியிடவேண்டும்.

திசை அம்புகள்

திரவங்களுக்கே உரிய குறி, மேல்நோக்கிய இரண்டு அம்புகளாகும். கறுப்பு அல்லது சிவப்பு நிறத்தில், வெள்ளை அல்லது வேறுபட்ட நிறப் பின்னணியில், பொதியின் எதிரெதிரான இரண்டு செங்குத்துப் பக்கங்களில் இவை இடம்பெறவேண்டும். ஒரு பக்கம் சுவரோடு அல்லது வேறு பெட்டியோடு ஒட்டியிருந்தாலும் மறுபக்கம் கண்ணில் படுவதற்காகவே இரண்டு பக்கங்கள் கேட்கப்படுகின்றன.

அம்புகள் கட்டாயமாகும் பொதிகள்:

- திரவம் நிரப்பிய புட்டிகளை அல்லது கேன்களை உள்ளே வைத்து வெளியே பெட்டியால் மூடிய கூட்டுப் பொதிகள்
- காற்றுப்போக்கி பொருத்திய ஒற்றைக் கலன்கள்
- மிகக் குளிர்ந்த நிலையில் திரவமாக்கப்பட்ட வாயுக்களுக்கான கலன்கள்

காற்றுப்போக்கி இல்லாமல் இறுக மூடிய ஒற்றைப் பீப்பாய்க்கு அம்பு தேவையில்லை. அதன் மூடி வெளியிலேயே தெரிகிறது. பெட்டிக்குள் உள்ள புட்டியின் மூடி எப்பக்கம் உள்ளது என்பதுதான் வெளியிலிருந்து தெரியாதது.

உள்கலன் ஒவ்வொன்றும் 120 மி.லி.க்கு மிகாமலும், கசிந்தால் முழுவதையும் உறிஞ்சும் பொருள் இடையில் வைக்கப்பட்டும் இருந்தால் அம்புகளுக்கு விலக்கு உண்டு. 500 மி.லி.க்கு மிகாத, காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட உள்கலன்களுக்கும், எந்நிலையில் வைத்தாலும் கசியாத வெப்பமானி, தெளிப்பான் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு.

இதன் மறுபக்கமாக மற்றொரு விதியும் உள்ளது. அம்பு கட்டாயமான பொதியில் வேறு நோக்கத்திற்காக எந்த அம்பும் இடம்பெறக்கூடாது. ‘இங்கே திறக்கவும்’ என்று காட்டும் பக்கவாட்டு அம்புகூட, அவசரத்தில் பெட்டி அடுக்குபவரைத் தவறான திசைக்கு இட்டுச் செல்லக்கூடும்.

அபாய லேபிள்கள்

குறியும் லேபிளும் ஒன்றல்ல. எண், பெயர், அம்பு போன்றவை குறிகள். சாய்சதுர வடிவில், வழக்கமாக பக்கத்திற்கு 100 மி.மீ. அளவில் ஒட்டப்படுபவை லேபிள்கள். இவை அபாயத்தின் வகுப்பைக் காட்டுகின்றன.

- வகுப்பு 3, தீப்பற்றும் திரவங்கள்: சிவப்புப் பின்னணியில் தீச்சுடர்.
- பிரிவு 5.1, ஆக்சிஜனேற்றிகள்: மஞ்சள் பின்னணியில் வட்டத்தின் மேல் தீச்சுடர்.
- பிரிவு 6.1, நச்சுப்பொருட்கள்: வெள்ளைப் பின்னணியில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும்.
- வகுப்பு 8, அரிக்கும் பொருட்கள்: மேற்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு, இரண்டு கண்ணாடிக் குழாய்களிலிருந்து திரவம் சிந்தி ஒரு கையையும் ஓர் உலோகத்தையும் அரிக்கும் படம்.
- வகுப்பு 9, பிற ஆபத்துகள்: மேற்பாதியில் ஏழு செங்குத்துக் கறுப்புக் கோடுகள்.

ஒரு திரவத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அபாயங்கள் இருந்தால் துணை லேபிளும் தேவை. மெத்தனால் தீப்பற்றக்கூடியது, நச்சும்கூட. எனவே வகுப்பு 3 லேபிளுடன் 6.1 லேபிளும் ஒட்டப்படும். 65 விழுக்காடும் அதற்கு மேலும் அடர்த்தியுள்ள நைட்ரிக் அமிலத்திற்கு வகுப்பு 8 லேபிளுடன் 5.1 லேபிளும் வேண்டும். அமிலம் என்று மட்டும் அறிந்தவர் அதைக் கையில் படாமல் பார்த்துக்கொள்வார். அது ஆக்சிஜனேற்றி என்றும் அறிந்தவரே மரத்தூள், காகிதம், எண்ணெய் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைப்பார்.

நீர்வாழ் உயிரினங்களுக்குக் கேடு விளைவிக்கும் திரவங்களின் பொதியில் பட்ட மரமும் இறந்த மீனும் வரைந்த குறி கூடுதலாக இடப்படும். 5 லிட்டர் வரையிலான ஒற்றைக் கலன்களுக்கும் உள்கலன்களுக்கும் இதில் விலக்கு உண்டு. மேலும் கீழும் கறுப்பாகவும் நடுவில் வெள்ளையாகவும் உள்ள சாய்சதுரம், சிறு புட்டிகளில் வரம்புக்குட்பட்ட அளவில் அனுப்பப்படும் சரக்கைக் குறிக்கும். சாலையிலும் கடலிலும் இத்தகைய பொதிக்கு ஐ.நா. எண் தேவையில்லை, ஆனால் திரவம் இருந்தால் திசை அம்புகள் தேவை.

கலனின் தகுதிக் குறி

மேற்கண்டவை உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றியவை. கலனைப் பற்றிப் பேசும் குறி வேறு. வட்டத்திற்குள் ஐ.நா. சின்னத்துடன் தொடங்கும் ஒரு வரிக் குறியீடு, அக்கலனின் மாதிரி உரிய சோதனைகளில் தேறியதைக் காட்டுகிறது. ஓர் இரும்புப் பீப்பாயில் ‘1ஏ1/ஒய்1.4/150/24’ என்று இருந்தால் அதைப் பின்வருமாறு படிக்கவேண்டும்.

- 1ஏ1: 1 என்பது பீப்பாய், ஏ என்பது எஃகு, இறுதியில் உள்ள 1 மேல்மூடி கழற்ற முடியாத வகை. கேனுக்கு 3, பெட்டிக்கு 4, பிளாஸ்டிக்குக்கு எச், அட்டைக்கு ஜி என்பன பிற குறியீடுகள்.
- ஒய்: எத்தகைய அபாயத்திற்கு ஏற்றது என்பது. எக்ஸ் என்றால் மிகுந்த, நடுத்தர, குறைந்த அபாயமுள்ள மூன்று தொகுதிகளுக்கும் ஏற்றது. ஒய் என்றால் நடுத்தர, குறைந்த அபாயத்திற்கு. இசட் என்றால் குறைந்த அபாயத்திற்கு மட்டும்.
- 1.4: கலன் தாங்கும் திரவத்தின் ஒப்படர்த்தி. இது 1.2-க்கு மிகாவிட்டால் குறிப்பிடத் தேவையில்லை.
- 150: நீரழுத்தச் சோதனையில் தாங்கிய அழுத்தம், கிலோபாஸ்கலில்.
- 24: தயாரித்த ஆண்டு. இதன்பின் ஒப்புதல் அளித்த நாட்டின் குறியும் தயாரிப்பாளரின் அடையாளமும் வரும்.

நீரோ, நீரைவிட மிகவும் கனமில்லாத திரவமோ நிரப்பிச் செய்யும் விழுதல் சோதனையில், மூன்று தொகுதிகளுக்கும் முறையே 1.8 மீட்டர், 1.2 மீட்டர், 0.8 மீட்டர் உயரத்திலிருந்து கலன் போடப்படுகிறது. திரவக் கலன்களுக்குக் கசிவுச் சோதனையும் உண்டு.

இக்குறியைப் படிக்காமல் கலனைத் தேர்ந்தெடுப்பதே பல தவறுகளுக்குக் காரணம். அடர் கந்தக அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.84; அது நடுத்தர அபாயத் தொகுதியைச் சேர்ந்தது. மேலே கண்ட ஒய்1.4 பீப்பாய் தோற்றத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அந்த அமிலத்திற்குப் பொருந்தாது.

திரவக் கலன்களில் அழுத்த எண் இருக்கும் இடத்தில் சில கலன்களில் ‘எஸ்’ என்னும் எழுத்து இருக்கும். திண்மப் பொருளுக்கோ உள்கலன்களை வைப்பதற்கோ சோதிக்கப்பட்டது என்பது இதன் பொருள். ‘எஸ்’ குறியுள்ள பீப்பாயில் திரவத்தை நேரடியாக ஊற்றக்கூடாது. ஆனால் ‘எஸ்’ குறியுள்ள அட்டைப்பெட்டியில், சோதனைக்கு உட்பட்ட ஏற்பாட்டின்படி, திரவப் புட்டிகளை வைத்து அனுப்பலாம்.

பிளாஸ்டிக் பீப்பாய்களிலும் கேன்களிலும் தயாரித்த மாதமும் பொறிக்கப்படும். ஆபத்தான திரவங்களுக்கு இவற்றைப் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் மட்டுமே பயன்படுத்தலாம். 55 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நைட்ரிக் அமிலத்திற்கு இது இரண்டே ஆண்டுகள். அமிலம் பிளாஸ்டிக்கை உட்புறமிருந்து நொறுங்கும் தன்மையுடையதாக்கும்.

வெளிப்பொதி

பல பொதிகளைப் பலகைத் தட்டில் அடுக்கி, ஒளி ஊடுருவாத உறையால் சுற்றினால் உள்ளேயிருக்கும் குறிகள் மறைந்துவிடும். அப்போது உறையின் மீது ‘ஓவர்பேக்’ என்னும் சொல்லை 12 மி.மீ. உயர எழுத்தில் எழுதி, உள்ளிருக்கும் ஐ.நா. எண்களையும் லேபிள்களையும் மீண்டும் இடவேண்டும். கண்ணாடி போன்ற உறையின் வழியே எல்லாக் குறிகளும் தெரிந்தால் இது தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

2.5 லிட்டர் கொண்ட நான்கு மெத்தனால் புட்டிகள் ஓர் அட்டைப்பெட்டியில் கப்பல் வழியே அனுப்பப்படுகின்றன எனக் கொண்டால், பெட்டியில் இருக்கவேண்டியவை:

1. யூஎன் 1230 என்னும் எண்ணும் மெத்தனால் என்னும் அனுப்புப் பெயரும். எண்ணின் எழுத்துயரம் குறைந்தது 6 மி.மீ.
2. வகுப்பு 3 லேபிளும், அதனருகில் 6.1 லேபிளும்
3. எதிரெதிரான இரண்டு பக்கங்களில் திசை அம்புகள்
4. ‘4ஜி/ஒய்20/எஸ்’ போன்று தொடங்கும் தகுதிக் குறி. இதில் 20 என்பது பெட்டியின் மொத்த எடை 20 கிலோவை மீறக்கூடாது என்பது

அதே பெட்டியை விமானத்தில் அனுப்பினால் அனுப்புநர், பெறுநர் முகவரிகளும் கூடுதலாக வேண்டும். பயணிகள் விமானத்தில் ஒரு பொதிக்கு 1 லிட்டர் மெத்தனாலே அனுமதிக்கப்படுவதால், 10 லிட்டர் கொண்ட இப்பெட்டியில் ‘சரக்கு விமானத்திற்கு மட்டும்’ என்ற ஆரஞ்சு நிற லேபிளும் இருக்கவேண்டும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், இத்தகைய திரவப் புட்டிகள் 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைக் கசியாமல் தாங்கவேண்டும் என்பதும் வான்வழி விதியாகும்.

வெற்றுக் கலன்கள்

திரவத்தை ஊற்றி முடித்த கலன் பார்வைக்கு வெறுமையாக இருந்தாலும், கழுவித் தூய்மை செய்யப்படும்வரை நிரம்பிய கலனுக்குரிய விதிகளே அதற்கும் பொருந்தும். பெட்ரோல் பீப்பாயின் அடியில் எஞ்சிய சிறிதளவு ஆவியாகிக் காற்றுடன் கலந்து வெடிக்கும் கலவையாகலாம். எனவே பழைய குறிகளை முன்கூட்டியே கிழித்தெறிவது தவறு. ஆபத்து முழுவதும் நீக்கப்பட்ட பின் குறிகளை அப்படியே விட்டுவைப்பதும் தவறு; அவற்றை அகற்றவோ மறைக்கவோ வேண்டும். ஆபத்தில்லாத பெட்டிகளில் எச்சரிக்கைகளைப் பார்த்துப் பழகியவர் உண்மையான எச்சரிக்கையையும் பொருட்படுத்தமாட்டார்.

இந்தியாவில் வேதிப்பொருள் வந்த நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்க மீண்டும் பயன்படுத்தப்படுவதுண்டு. டிரம்மின் தகுதிக் குறி அதன் வலிமையை மட்டுமே சொல்கிறது. முன்பு அதில் இருந்தது என்ன என்பதை ஐ.நா. எண்ணும் லேபிளுமே சொல்லும். அவை கிழிக்கப்பட்ட டிரம்மில் அதை அறிய வழியில்லை.

இந்தியாவில் நடைமுறை

இந்தியச் சாலைகளில் ஆபத்தான சரக்குப் போக்குவரத்தை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரையிலான விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. வாகனத்தில் காட்டவேண்டிய வகுப்பு லேபிள், அவசரகாலத் தகவல் பலகை, அனுப்புநர் ஓட்டுநருக்கு அளிக்கவேண்டிய தகவல்கள் ஆகியவை இவற்றில் கூறப்பட்டுள்ளன. இத்தகைய வாகனத்தை ஓட்டுபவர் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்றும், உரிய பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்றும் இவ்விதிகளின் 9-ஆம் விதி கூறுகிறது. வான்வழிக்கு 2003-ஆம் ஆண்டு ஆபத்தான சரக்கு விமான விதிகள் கொண்டுவரப்பட்டன. சென்னை, தூத்துக்குடி முதலிய துறைமுகங்கள் வழியே செல்லும் பன்னாட்டுச் சரக்குகள் ஐஎம்டிஜி விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றன. ஏற்றுமதிக் கலன்களைச் சோதித்து ஐ.நா. தகுதிச் சான்று வழங்கும் பணியை இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் செய்கிறது.

வாகனத்தின் பலகையும் பொதியின் குறியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. விபத்துக்குள்ளான லாரியைத் தொலைவிலிருந்து அடையாளம் காணப் பலகை உதவும். சரக்கு இறக்கப்பட்டு, லாரி திரும்பிச் சென்ற பின், கிடங்கில் நிற்கும் பெட்டியைப் பற்றிச் சொல்ல அப்பெட்டியின் மீதுள்ள குறி மட்டுமே இருக்கும்.